மூன்று பெயர்கள், ஒரே அளவு எழுத்து

ஜனவரி 8

நோட்டீஸ் வந்துவிட்டது. மூவாயிரம் பிரதிகள். ஞானதுரை அண்ணாச்சியின் அச்சகத்து மாடிதான் எங்கள் மனித உரிமைக் குழுவின் அலுவலகம். உறுப்பினர்கள் பதினொரு பேர். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று பேர்: வழக்கறிஞர் சங்கரவடிவு என்கிற வடிவக்கா, அண்ணாச்சி, நான்.

உச்சிமாகாளி. வயது நாற்பத்தொன்று. ஒன்பது ஆண்டுகளாகத் தூக்குத் தண்டனைக் கைதி. கருணை மனு குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. மனுவுக்கு ஆதரவாக மக்கள் அஞ்சலட்டை எழுத வேண்டும். அச்சடித்த அட்டை கூடாது, அவரவர் கையால் ஒரு வாக்கியம். அச்சடித்ததை நிறுத்துப் பார்ப்பார்கள், கையால் எழுதியதைப் படித்துப் பார்ப்பார்கள் என்பது வடிவக்காவின் நம்பிக்கை.

நோட்டீஸ் முழுக்க என் எழுத்து. அடியில் என் பெயர், நவமணி. முதல் வரி: "ஒரு நிரபராதியின் கழுத்தை அளந்துகொண்டிருக்கிறது அரசு."

நல்ல வரி.

ஜனவரி 9

நான்கு முறை படித்தேன். மை விரலில் ஒட்டியிருக்கிறது. கழுவவில்லை.

ஜனவரி 13

பேருந்து நிலையம். காலை ஒன்பது முதல் இரண்டு வரை. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். எழுதியவர் பெயர், தெரு எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன.

டீக்கடைக்காரர் பாக்கியநாதன், "செய்யாத தப்புக்கா சாவணும்? குடு தாயி" என்று கை துடைத்துக்கொண்டு எழுதினார். ஈரம் பட்டு அட்டை ஓரம் வீங்கியது. அதையும் அனுப்பினோம்.

ஜனவரி 15

பொங்கல். அம்மா பானையை இறக்கும்போது நாகர்கோவில் வரன் பற்றிப் பேசினாள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், என்ன படிக்கிறேன் என்று கேட்டு. எழுத்து இடப்பக்கம் சாய்கிறது. நான்கு பக்கம். பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், கசங்காமல் இருக்க.

அட்டைகள் அறுநூற்று நாற்பது. வாங்கிவைத்தது தீர்ந்துவிட்டது.

ஜனவரி 22

சிறையிலிருந்து கடிதம். தணிக்கை முத்திரையோடு. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"நவமணி தாயிக்கு உச்சிமாகாளி எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். உள்ளே வந்த பிறகு கற்றது. பக்கத்து அறைக்காரரைப் பார்க்க வந்தவர்கள் மூலம் நோட்டீசு கண்டேன். நான் நிரபராதி என்று போட்டு இருக்கிறது. நான் செய்தேன். துரைப்பழத்தையும் அவர் மச்சான் ஜெயசீலனையும் நான்தான் வெட்டினேன். கோர்ட்டில் சொன்னேன். மனுவிலும் சொன்னேன். ஒன்பது வருசமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். இப்போது நீங்கள் இல்லை என்கிறீர்கள். துரைப்பழம் சம்சாரம் தங்கபுஷ்பம் இதைப் படித்தால் என்ன நினைக்கும். நான் சொல்லச் சொன்னதாக நினைக்கும். சாகப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிப் பிழைக்க வேண்டாம். தயவு செய்து மாற்றவும்."

விரலைக் கழுவினேன். மை எப்போதோ போய்விட்டிருந்தது.

ஜனவரி 23

எப்படி நடந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

இதுவரை நாங்கள் போட்ட பத்து நோட்டீஸ்களும் பொய் வழக்குகளைப் பற்றியவை. பழையதை எதிரில் வைத்துக்கொண்டுதான் புதியதை எழுதுவேன். பத்திலும் "நிரபராதி" இருந்தது. பதினொன்றாவதில் கை தானாக எழுதியது. வடிவக்கா அந்த வாரம் சென்னையில். அண்ணாச்சி மெய்ப்புப் பார்த்தார். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை.

உச்சிமாகாளியை யாரும் கேட்கவில்லை. வழக்குக் கட்டு என் மேசையில்தான் இருந்தது. அதில் தேதிகளை மட்டும் பார்த்தேன்.

வடிவக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

"மனுவுல அவரு செஞ்சேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. நம்ம அறுநூறு அட்டையும் அவரு செய்யவே இல்லங்குது. ரெண்டும் ஒரே ஃபைல்ல போயி உக்காரும். எது பொய்யின்னு கேட்டா என்னட்டி சொல்லுவ?"

நான் ஒரு யோசனை சொன்னேன். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

அண்ணாச்சி சிரித்தார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துட்டு சத்தமில்லாம அடுத்தத அடிக்கலாங்குற. தாள் இருக்கு புள்ள. மானம் இருக்கான்னு பாக்கணும்."

முடிவு: எழுதிய அறுநூற்று நாற்பது பேரிடமும் திரும்பப் போக வேண்டும். நேரில். நாங்கள் சொன்னது தவறு, அவர் கொலை செய்தார், அப்படியும் தூக்கு வேண்டாம் என்று எழுதுவீர்களா என்று கேட்க வேண்டும்.

"ஒருத்தனும் எழுத மாட்டான்" என்றேன்.

"அப்ப ஒருத்தனும் எழுதலன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றார் வடிவக்கா.

ஜனவரி 27

சிறை. வடிவக்காவோடு. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒல்லியான மனிதர். மீசை நரைத்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்பதற்கு மனப்பாடம் செய்து போன வாக்கியம் வலைவரை போய் நின்றுவிட்டது.

"நீதானா தாயி அது? எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. கழுத்த அளக்காங்கன்னு போட்டிருந்தியே. அது இன்னும் அளக்கல. எட மட்டும் பாத்தாங்க. அம்பத்தொம்பது கிலோ."

காவலர் வேறு பக்கம் திரும்பினார். சிரித்தாரா தெரியவில்லை.

"புதுசா எழுதப்போறியாமே. கோவத்துல செஞ்சேன்னு போட்டுராத. கோவம் எல்லாருக்கும்தான் வருது. வரப்புக்காகச் செஞ்சேன். ஒண்ணர அடி வரப்பு. அப்படியே போடு."

பிழைக்க ஆசை இல்லையா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"யாருக்கில்ல? விடிஞ்சு கஞ்சி வாளிச் சத்தம் கேட்டா, இன்னைக்கு நம்ம நாள் இல்லன்னு அர்த்தம். அந்தக் கஞ்சி என்ன ருசி தாயி."

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"ஒண்ணு கேட்டுக்கிடுதேன். முடிவு அப்படி ஆனாலும் இப்படி ஆனாலும் அந்த அம்மாவுக்கு மொதல்ல சொல்லிரணும். பேப்பருல பாத்துத் தெரிஞ்சுக்கிடக் கூடாது. எனக்கு ரெண்டாவது சொன்னாப் போதும்."

பேருந்தில் வடிவக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். நான் புதிய முதல் வரியை யோசித்தேன். அழகான வரி எதுவும் வரவில்லை. நல்லது.

பிப்ரவரி 1

இரண்டாம் நோட்டீஸ். முதல் வரி: "உச்சிமாகாளி இரண்டு பேரைக் கொன்றார்." இரண்டாம் வரி: "சென்ற மாதம் நாங்கள் வேறு மாதிரி சொன்னோம். அது எங்கள் தவறு." மூன்றாவது: "அப்படியும் அவரைத் தூக்கிலிடக் கூடாது என்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை. முதலில் பாக்கியநாதன் கடை.

"அப்ப அன்னைக்கு நீ சொன்னது?"

"தப்பு."

"இன்னைக்குச் சொல்லுதது?"

"நெசம்."

"நாளைக்கு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் நோட்டீஸை மடித்து வடையின் எண்ணெயை ஒற்றினார். ஒருவர், "கொன்னவனுக்கு ஆள் சேக்கதுக்கு ஒன்ன எம்.ஏ. படிக்க வச்சாங்களாக்கும்" என்றார். படித்தது அதற்கில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பாக்கியநாதன் டீயை ஆற்றிக்கொண்டே நின்றார். பிறகு அட்டை கேட்டார். "அவனுக்காக இல்ல. பொய் சொன்னவ தேடிவந்து பொய்யின்னு சொல்லுதா பாரு. அதுக்காக எழுதுதேன்."

இன்று போன வீடுகள் நாற்பத்தேழு. கதவைச் சாத்தியவர்கள் இருபத்தாறு. எழுதியவர்கள் ஒன்பது. மற்றவர்கள் யோசிக்க வேண்டும் என்றார்கள்.

ஜனவரி 13 அன்று இருநூற்றுப் பன்னிரண்டு. இன்று ஒன்பது. இந்த ஒன்பதும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை, செருப்பு அறுந்துவிட்டது.

பிப்ரவரி 3

பீடி சுற்றும் அம்மா ஒருவர், கல்யாணியம்மாள். "நீயே எழுதிக்க, நா சொல்லுதேன்" என்றார். கூடாது, உங்கள் கையால்தான் என்றேன். முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுதினார். ஏழு சொற்கள். இருபது நிமிடம். நடுவில் "கொ" எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தார்.

பிப்ரவரி 6

நாகர்கோவிலிலிருந்து தரகர் வந்து போனார். அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம்.

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். பின் சக்கரத்துக்கு விட்டேன். முன் சக்கரத்துக்கும் விட்டேன், அதற்குத் தேவையில்லாவிட்டாலும்.

பிப்ரவரி 11

தங்கபுஷ்பம் வீடு. ஐந்து கிலோமீட்டர். கொலைக்குப் பிறகு ஊரைவிட்டு வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். வீட்டு முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். முறம் நிற்கவில்லை.

எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவர் வந்தாலும் முதலில் தண்ணீர் வரும். வரவில்லை. உட்காரு என்றும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"நீதான் அத எழுதுனியா?"

"ஆமாம்மா."

"எம் மவ பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டாந்தா. அம்மா, அவன் செய்யலயாமேன்னா. அப்ப ஒங்கப்பனும் மாமனும் தன்னால வெட்டிக்கிட்டாங்களான்னு கேட்டேன். ஒன் நோட்டீசுல அதுக்குப் பதில் இல்ல."

"தப்புதாம்மா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"கையெழுத்து கேக்க வரல?"

"இல்ல."

அது உண்மை. பையில் ஒரு வெற்று அட்டை இருந்ததும் உண்மை.

இரண்டாம் நோட்டீஸை வாங்கினார். விரலை வரிக்குக் கீழே ஓட்டி, வாய்க்குள் படித்தார். கடைசிவரை. பிறகு மேலே திரும்பினார்.

"ரெண்டு பேரக் கொன்னாரு. யாரு அந்த ரெண்டு பேரு?"

நோட்டீஸை எட்டிப் பார்த்தேன்.

"அவன் பேரு ஏழு எடத்துல இருக்கு. எண்ணிட்டேன். எங்க வீட்டுக்காரரு பேரு துரைப்பழம். எந்தம்பி பேரு ஜெயசீலன். இருவத்திரெண்டு வயசு அவனுக்கு. பரோட்டாவுக்குச் சால்னா ஊத்தமாட்டான், சீனி தொட்டுத் திம்பான். அதெல்லாம் போட வேண்டாம். பேரப் போடலாம்லா?"

"போடுதேம்மா."

"போட்டுக் கொண்டா. பாக்கேன். ஆனா கையெழுத்து போடமாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயர்கள் உச்சிமாகாளியின் கடிதத்தில் இருந்தன. வெட்டியவருக்கு ஞாபகம் இருந்தது. காப்பாற்ற வந்த என் நோட்டீஸில் இல்லை.

பிப்ரவரி 14

மூன்றாம் நோட்டீஸ். அண்ணாச்சி தானே அச்சுக்கோத்தார். உச்சிமாகாளியின் பெயரை எப்போதும் போலப் பெரிய எழுத்தில் கோத்து, பிறகு கலைத்தார். இன்னொரு எழுத்துப் பெட்டியை இழுத்தார்.

"மூணு பேருக்கும் ஒரே அளவு. இருக்கட்டும்."

"துரைப்பழம், வயது 38. ஜெயசீலன், வயது 22. இவர்களை ஒரு வரப்புக்காகக் கொன்றவர் உச்சிமாகாளி. அவரைக் கொல்ல வேண்டாம் என்கிறோம்."

சைக்கிளில் போய்த் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன். வெற்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். வாங்கி, இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் திரும்பினேன். தாகம்.

பிப்ரவரி 20

மனு நிராகரிக்கப்பட்டது.

தூக்கு: மார்ச் 19, காலை ஐந்து மணி.

பிப்ரவரி 21

வடிவக்கா சென்னைக்குக் கிளம்பினார். ஒன்பது ஆண்டுத் தாமதத்தைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றத்தில் மனு. அதுவரை இது முடிவு இல்லை என்றார். என்னிடம், "நீ தெருவ விடாத" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 1

அறுநூற்று நாற்பது வீடுகளையும் முடித்துவிட்டோம். திரும்ப எழுதியவர்கள் நூற்று எண்பத்தெட்டு. முதலில் எழுதியவர்களிடமும் மூன்றாம் நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர்களும் தெரியும்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா திடீரென்று சொன்னாள். "அந்த நாகர்கோயில்காரங்க. தரகர்கிட்டக் கேட்டு விட்டிருந்தாங்க, பொண்ணு கொலகாரனுக்கு ஆள் சேக்குதாமேன்னு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆமான்னுட்டேன்."

"ஏம்மா?"

"பொய்யா சொல்லச் சொல்லுத? மொச்ச வச்சிக்கோ."

வைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்துக் கடிதத்தை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன். கசங்கினாலும் பரவாயில்லை.

மார்ச் 9

அச்சக முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை. நாங்கள் கொடுத்தது இல்லை, எழுதியவரே வாங்கிய அட்டை. அண்ணாச்சி படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அச்சகத் துணியால். கண்ணாடி முழுக்க மை.

"நான் தங்கபுஷ்பம். துரைப்பழம் மனைவி. ஜெயசீலன் அக்கா. அவனைத் தூக்கில் போட வேண்டாம். வெளியிலும் விட வேண்டாம். இது யாரும் சொல்லி எழுதியது இல்லை."

நான் எழுதிய எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. பொறாமை இல்லை. தபால் நிலையம் வரை ஓடினேன், பதிவுத் தபாலில் வடிவக்காவுக்கு அனுப்ப. சைக்கிள் அச்சகத்திலேயே நின்றது.

மார்ச் 17

இடைக்காலத் தடை. தொலைபேசியில் வடிவக்கா, "தற்சமயத்துக்குத்தான், ஆடாத" என்றார். ஆடவில்லை. அண்ணாச்சிதான் மிதி அச்சு இயந்திரத்தை வெறுமனே மிதித்தார், தாள் வைக்காமல்.

மார்ச் 19

ஐந்து மணி. பால்காரர் மணி. கோயில் ஒலிபெருக்கி.

ஆறரை. விடிந்துவிட்டது.

இந்நேரம் கஞ்சி வாளி போயிருக்கும்.

ஏப்ரல் 3

பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி.

"ஆயுள்" என்றார் வடிவக்கா.

தாமதம் ஒன்றுதான் தீர்ப்பில் காரணம். அஞ்சலட்டைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தங்கபுஷ்பத்தின் அட்டையைப் பற்றியும் இல்லை. நூற்று எண்பத்தெட்டுப் பேரால் இது நடந்தது என்று நான் எங்கும் எழுதப்போவதில்லை. அந்த நூற்று எண்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

"செயிலுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆர்டர் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். ஏன்?"

அண்ணாச்சி ஏற்கெனவே சைக்கிளைத் தெருவுக்கு இறக்கியிருந்தார்.

வீடு பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்திருந்தது. சமையலறைப் பின்புறம் தங்கபுஷ்பம் அண்டாவுக்குள் பாதி உடலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது அண்டாவுக்குள் எதிரொலித்திருக்க வேண்டும். வெளியே வந்தார். முழங்கைவரை சாம்பல்.

"அம்மா, தூக்கு இல்ல. ஆயுள் தண்டனைன்னு தீர்ப்பு."

"அவனுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. ஒங்களுக்குத்தான் மொதல்ல. அவரு அப்படித்தான் கேட்டிருந்தாரு."

அண்டாவின் விளிம்பில் கை வைத்தபடி நின்றார். ஒரு பிள்ளை தட்டோடு ஓடிவந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, திரும்ப ஓடியது.

"வெளிய விட்டுருவாங்களா?"

"இப்ப இல்லம்மா. பல வருசம் கழிச்சு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

என்னைப் பார்த்தார். முதல் முறையாக, முகத்தைப் பார்த்தார் என்று தோன்றியது.

"செரி."

மறுபடி அண்டாவுக்குள் குனிந்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன். வெயில். ஐந்து கிலோமீட்டர் திரும்பிப் போய், அங்கிருந்து சிறைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். அப்போது அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கொடம் அந்தால இருக்கு. எங் கையெல்லாம் சாம்பலு. நீயே மோந்து குடி."

இரண்டு டம்ளர் குடித்தேன். மூடியைச் சரியாக வைத்தேன்.